முறைப்பாடு: முன்கண்ணாடி மாற்றிய பின் காருக்குள் மழைநீர் இறங்குதல்

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் மட்டக்களப்புக் கிளையில் முன்கண்ணாடி மாற்றிய எனது காரில், மழை பெய்தால் இடப்பக்க முன் சீற்றின் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. திருப்பிக் கொண்டுவந்து காட்டியபோது வேலை அட்டையில் "ஏசித் தண்ணீர்" என்று எழுதி, கண்ணாடி விளிம்பில் சிலிக்கன் பூசி அனுப்பினீர்கள். இரண்டும் பிழை.

ஏசியின் வடிகுழாய் அடைத்திருந்தால் ஏசி ஓடும் வெயில் நாளிலும் ஈரம் இருக்க வேண்டும். இங்கே ஏசி போடாமல் இரவு முழுக்க மழையில் நின்றால்தான் தண்ணீர் வருகிறது. கதவடி ஓட்டைகளிலும் வைப்பருக்குக் கீழுள்ள வடிகாலிலும் அடைப்பில்லை. முன்கண்ணாடிக்கு இடப்பக்கத்திலுள்ள தூணின் உள்மூடியைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை வேகம் குறைத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக விட்டுப் பார்த்தாயிற்று. (மேலிருந்து விட்டால் எல்லா இடமும் நனைந்து ஓட்டை எதுவென்று தெரியாது.) இடது மேல் மூலைக்குத் தண்ணீர் போனதும் தூணின் உட்புறம் கோடாக வழிகிறது. உங்கள் பசை அந்த மூலையில் விட்டுப்போயிருக்கிறது.

மேலே பூசிய சிலிக்கன் இதை அடைக்காது. வினாகிரி மணம் வரும் வகை இரும்பையும் அரிக்கும். சிலிக்கன் படிந்த இடத்தில், கண்ணாடியை ஒட்டும் பொலியூரித்தேன் பசை பிடிக்காது. ஆகவே கண்ணாடியை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சிலிக்கனை முழுவதும் சுரண்டி, பழைய பசையை 1 முதல் 2 மில்லிமீற்றர் அளவில் விட்டுச் சீவி, கத்தி கீறி இரும்பு தெரியும் இடங்களுக்குப் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துக் காயவிட வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஊர் இது. மூடாத கீறலில் கறள் விரைவாக ஏறும், கறளின் மேல் எந்தப் பசையும் நிலைக்காது. புதிய பசையை இடைவெளியின்றி முக்கோணக் கோடாகப் போட்டு, அதன் உறையில் குறித்துள்ள நேரம் முடியும்வரை காரை வெளியே விடாதீர்கள். அதுவரை ஒரு யன்னலைச் சற்று இறக்கி வையுங்கள். எல்லாம் பூட்டிய நிலையில் கதவை அடித்துச் சாத்தினால் அடைபட்ட காற்று இறுகாத பசையைத் தள்ளி வழி திறந்துவிடும்.

கார்பட்டும் உங்கள் பொறுப்பே. மேலே காய்ந்திருந்தாலும் அடிப்பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, பூஞ்சண மணமும் வருகிறது. பற்றரி இணைப்பைக் கழற்றிய பின்பே சீற்றை எடுக்கவும். அதனடியில் எயர்பேக் வயர்கள் உள்ளன. கார்பட்டை வெளியே எடுத்து உலர்த்தி, வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு உள்ளதா என்றும் பார்த்துத் தர வேண்டும்.

இவ்வளவையும் கட்டணமின்றி, மாரி மழை தொடங்குமுன் முடித்து, என் முன்னிலையில் தண்ணீர் விட்டுக் காட்டுங்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. கிடைக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். வேலை அட்டையின் பிரதியும் கசிவின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
வாகன உரிமையாளர்