‘பொம்மை கேமரா’ பேச்சு குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக மதுரை போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அறுபது தாண்டியவர்கள் தோள்வலி என்று எங்கள் கேமரா கடைக்கு வந்தால், நாங்கள் அவர்கள் தலையில் பொம்மை கேமராவைக் கட்டிவிட்டு, நல்ல செட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறோமாம். பேசியவர் எங்களுக்கும் வேண்டியவர்தான். விலையைப் பற்றிப் பேசுவது வியாபாரத்தில் சகஜம், அதில் வருத்தமில்லை. ‘பொம்மை’ என்றதுதான் சுடுகிறது. அதற்குப் பதில் சொல்லும் முன் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கல்யாண வேலைக்குப் பலரும் தூக்கும் செட் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்ப்போம். நிக்கான் டி750 பாடி (லென்ஸ் மாட்டாத கேமரா) பேட்டரி, கார்டோடு 840 கிராம். 24-70 எஃப்2.8ஜி லென்ஸ் 900 கிராம் (முதல் எண்கள் ஜூம் அளவு, ‘எஃப்’ என்பது லென்ஸ் திறக்கும் அளவு; அந்த எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம்). 70-200 எஃப்2.8 விஆர்-2 லென்ஸ் 1,540 கிராம். ஆக மொத்தம் 3,280 கிராம். ஃபிளாஷும் பையும் இதில் சேரவில்லை. இந்த எடையில் பாடி கால்வாசிதான், மிச்சமெல்லாம் லென்ஸ்.

ஆனால் கடைக்கு வருகிற பத்தில் எட்டுப் பேர் கேட்பது, “லென்ஸ் இருக்கட்டும்ண்ணே, மிரர்லெஸ் பாடி மட்டும் குடுங்க, வெயிட் குறைஞ்சிரும்ல?” என்றுதான். மிரர்லெஸ் என்பது, டி750 போன்ற டிஎஸ்எல்ஆரில் இருக்கும் உள்கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா. ஆனால் வெயிட் குறையாது. டி750-யும் 70-200-ம் சேர்ந்து 2,380 கிராம். நிக்கானின் மிரர்லெஸ் இசட்6-2 பாடி 705, பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட்-2 அடாப்டர் 125, அதே லென்ஸ் 1,540 என்று கூட்டினால் 2,370. அவ்வளவு பணம் போட்டு மிச்சம் பிடிப்பது பத்து கிராம். பாடி இளைத்து, முன்னால் அடாப்டரும் ஏறுவதால் முன்பாரம் முன்பைவிட இழுக்கும், இடது மணிக்கட்டு அதை அன்றைக்கே சொல்லிவிடும். பழைய 80-200 ‘டி’, 50 எஃப்1.8 ‘டி’ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. இவற்றிலும் அந்த அடாப்டரிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

இதைச் சொல்லி விற்பனையைக் கெடுத்துக்கொள்வதும் நாங்கள்தான். பாடி மட்டும் போதும் என்பவர்களுக்கு விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் அந்த ஆடியோவே வந்திருக்காது.

எடை உண்மையிலேயே இறங்க வேண்டுமானால் எஃப்2.8-ஐ விட்டு எஃப்4-க்கு வர வேண்டும். இசட்6-2 பாடியில் 24-120 எஃப்4 லென்ஸ் 630 கிராம், இருட்டுக்கு ஒரு 40 எஃப்2 170 கிராம். பாடியோடு சேர்த்து 1,505. கேனான்காரர்களுக்கு 5டி மார்க் 4, 24-70, 70-200 இரண்டும் எஃப்2.8 என்றால் 3,185 கிராம் ஆகிறது. மிரர்லெஸ் ஆர்8 பாடி 461, ஆர்எஃப் 24-105 எஃப்4 எல் 700, ஆர்எஃப் 70-200 எஃப்4 எல் 695 என்று மாறினால் 1,856. ஆர்8 பாடிக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லை, ஆனால் இந்த இரண்டு லென்ஸிலும் இருக்கிறது.

இழப்பு என்ன? ஒரு ஸ்டாப் வெளிச்சம், அதாவது பாதி வெளிச்சம். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 3200-ல் எடுத்ததை 6400-ல் எடுக்க வேண்டும், இந்த சென்சார்கள் அதைத் தாங்கும். பின்னணி மங்கல் கொஞ்சம் குறையும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், தாலி கட்டும் கையின் அசைவைப் பிடிக்காது. ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று ஷட்டர் வேகத்தில் 1/30 நொடிக்கு இறங்கினால் மேடை ஷார்ப்பாகவும் மாப்பிள்ளை கலங்கலாகவும் வருவார். 1/125-க்குக் கீழே போக வேண்டாம்.

படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது, கேமரா கோளாறு என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் அதிகம். கோளாறு இல்லை. மண்டபத்து எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பட்டையாகப் பதிகிறது. இசட்6-2-ல் மெக்கானிக்கல் ஷட்டருக்கும், ஆர்8-ல் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கும் (ஷட்டரின் முதல் திரை மட்டும் எலக்ட்ரானிக்) மாறுங்கள். அப்படியும் தெரிந்தால் மட்டும், மேலே சொன்ன 1/125-ஐக் கொஞ்சம் தளர்த்தி, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 1/100 வையுங்கள். ஆள் அசையாத குரூப் போட்டோவுக்கு மட்டும் 1/50 போகலாம்.

சரி, ‘பொம்மை’. அது சின்ன சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை கேமராவைத்தான் குறிக்கிறது என்று நினைக்கிறோம். அந்த வகையில் ஓஎம்-5 பாடி 414, 12-40 எஃப்2.8 லென்ஸ் 382, 40-150 எஃப்4 லென்ஸும் 382, ஆக 1,178 கிராமில் மொத்த செட்டும் முடிந்தது. சென்சாரின் பரப்பு, டி750 போன்ற ஃபுல் ஃபிரேம் கேமராவில் இருப்பதில் கால்வாசி என்பது உண்மை. வெளிச்சம் குறைந்தால் இரண்டு ஸ்டாப் பின்தங்கும் என்பதும் உண்மை. அதனால்தான் ராத்திரி ரிசப்ஷன் எடுப்பவர்களுக்கு அதை நாங்கள் எடுத்தே காட்டுவதில்லை. ஆனால் பகலில் கோயில், தெரு, ஊர்ப்பயணம் என்று எடுப்பவருக்கு? அதன் 20 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் 5,184 பிக்சல். 12×18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 288 பிக்சல் கிடைக்கிறது. லேபில் கொடுத்து ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பொம்மை என்று சொல்லட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் அந்த விடியல் இருட்டுக்கு மட்டும் ஒரு எஃப்1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் சின்ன கேமரா சரிப்படாது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்குக் குட்டி பாடி எதிர்மாறாக வேலை செய்யும். சுண்டுவிரல் பிடிமானம் இல்லாமல் கீழே தொங்கும். மற்ற விரல்கள் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும், அரை மணியில் கட்டைவிரலின் அடி வலிக்கும். நூறு கிராம் கூடினாலும் ஆழமான கிரிப் உள்ள பாடியே அவர்களுக்கு நல்லது, அல்லது அடியில் ஒரு கிரிப் தகடு மாட்டிக்கொள்ளலாம். எது தாங்கும் என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய ஒரு 70-200 எஃப்2.8 லென்ஸின் எடை. அதைக் கண்ணுக்கு நேராக, முழங்கையை விலாவில் ஒட்டி, இரண்டு நிமிடம் பிடியுங்கள். தோள் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு மிரர்லெஸ்ஸில் எடையைவிடப் பெரிய லாபம், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர்தான். எடுத்த படத்தையும் மெனுவையும் அதற்குள்ளேயே பார்க்கலாம், ஒவ்வொரு படத்துக்கும் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேட வேண்டாம். கண்ணின் பவருக்கு ஏற்ப வியூஃபைண்டரைச் சரிசெய்யும் டயாப்டரை மெனுவின் எழுத்துகளைப் பார்த்துத் திருகுங்கள், வெளியே தெரியும் காட்சியைப் பார்த்துத் திருகாதீர்கள். இதற்கான விலை பேட்டரி. டி750-இன் ஒரு சார்ஜுக்கு 1,230 படம் என்பது நிக்கான் கணக்கு. இசட்6-2-ல் வியூஃபைண்டரில் எடுத்தால் 340. நடைமுறையில் இரண்டுமே கூடுதலாக வரும். இருந்தாலும் உபரியாக இரண்டு பேட்டரியைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூந்தன்குளத்துக்குப் பறவை எடுக்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. நிக்கான் டி500-உடன் 200-500 லென்ஸ் என்றால் 3,160 கிராம். கேனான் ஆர்7-உடன் ஆர்எஃப் 100-400 லென்ஸ் என்றால் 1,247. பின்னது 400-ல் எஃப்8, வெயில் ஏறிய பிறகுதான் அதற்கு உயிர்.

இனி எக்ஸ்சேஞ்ச் விலை. 2020-க்குப் பிறகு நிக்கானும் கேனானும் புதிய டிஎஸ்எல்ஆர் பாடி எதையும் கொண்டுவரவில்லை. வாங்க ஆள் குறைய விலையும் இறங்கிவிட்டது, அது எங்கள் கையில் இல்லை. டி750-இன் ஷட்டர் 1,50,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது. கல்யாணத்துக்கு 3,000 என்றால் ஐம்பது கல்யாணம். எங்களை நம்ப வேண்டாம், நிக்கானில் கடைசியாக எடுத்த படத்தோடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் எண்ணிக்கை இருக்கும்.

லென்ஸ் விலை அடி வாங்குவது பூஞ்சையால். நிக்கான் ‘ஜி’ லென்ஸின் பின்பக்கம் உள்ள குட்டி லீவரை நகத்தால் தள்ளினால் உள்ளே வெளிச்சத்தை அளந்து விடும் இலைகள் திறக்கும். முன்பக்கமிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஓரத்தில் சிலந்தி நூல் போல ஓடினால் அது தூசி இல்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே பையோடு வைத்த லென்ஸில் இது தவறாமல் வரும். மேலோட்டமாக இருந்தால் துடைத்துவிடலாம், கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். ஃபோகஸ் ஆகும்போது ‘கீச்’ என்று சத்தம் வந்தால் மோட்டார் போகப்போகிறது என்று பொருள். இவை ஒவ்வொன்றுக்கும் விலையில் கழிக்கிறோம். பழைய பொருளில் எங்களுக்குக் கிடைக்கும் வித்தியாசத்துக்கு 18% ஜிஎஸ்டி வேறு.

எங்கள் பக்கம் ஒரு தவறு உண்டு. இதுவரை துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தோம், எதற்கு எவ்வளவு கழித்தோம் என்று எழுதவில்லை. சந்தேகம் வந்ததற்கு அதுதான் காரணம், மன்னிக்க வேண்டும். இனி ஷட்டர் எண்ணிக்கை, பூஞ்சை, மோட்டார், ரப்பர் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்டுத் தருவோம். லென்ஸ் கழற்றும் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டதால் பரிசோதனையை வெளியில் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு 500 ரூபாயும் நான்கு நாளும் ஆகும், எக்ஸ்சேஞ்ச் செய்தால் அந்தத் தொகையை உங்கள் பில்லில் கழித்துவிடுவோம்.

ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து எங்களிடமே வாங்கும் அண்ணன்மார்களும், அந்த ஆடியோவைக் கேட்டதும் நேரில் வந்து “என்னப்பா இது?” என்று கேட்டவர்களும் எங்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதைச் சொல்லி முடியாது. மனமார்ந்த நன்றி. உங்கள் பையோடு வாருங்கள். தராசு கவுண்டரிலேயே இருக்கிறது. முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்கு மேல் வந்தால் எல்லா பாடியையும் நிதானமாகக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்