ஆல்டிமீட்டரில் வைக்கும் அந்த எண்

ஆசிரியருக்கு,

விமான விபத்து என்றாலே இன்ஜின் கோளாறு, பறவை மோதல் என்றுதான் பேசுகிறோம். சிமுலேட்டரில் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அதைவிடப் பயம் உயரம் காட்டும் கருவியான ஆல்டிமீட்டரில் திருகி வைக்கும் நாலு இலக்க எண்மீதுதான். அந்தக் கருவிக்கு உயரம் தெரியாது, காற்றழுத்தம்தான் தெரியும். இறங்கும்போது ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொல்லும் கியூஎன்எச் எண்ணில், அதாவது கடல்மட்ட அளவுக்குக் கணக்கிட்ட அன்றைய காற்றழுத்தத்தில், ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) தப்பினால் கருவி காட்டும் உயரம் சுமார் 28 அடி தப்பும்.

2022 மே 23, பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையம். அன்றைய அழுத்தம் 1001. கன்ட்ரோலர் தவறுதலாக 1011 என்று சொல்ல, வெளிநாட்டு நிறுவனத்தின் ஏ320 பைலட் அதையே திருப்பிச் சொல்ல, விமானிகள் இருவரும் ஒரே எண்ணை வைத்ததால் இரண்டு ஆல்டிமீட்டரும் கச்சிதமாக ஒத்துப்போயின. ரன்வேக்கு ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐஎல்எஸ் வேலை செய்யவில்லை, அதனால் ஆல்டிமீட்டரை நம்பித்தான் இறங்க வேண்டும், வெளியே மழை வேறு. ரன்வே தெரியவில்லை என்று மேலே ஏற முனைந்தபோது விமானம் தரையிலிருந்து 6 அடி வரை தாழ்ந்துவிட்டது. உள்ளே யாருக்கும் அது தெரியாது! அதே தப்பான எண்ணோடுதான் மறுபடியும் இறங்கினார்கள், நல்லவேளை, அப்போது ரன்வே கண்ணில் பட்டது.

வெளிநாடு பறக்கும் நம் பைலட்டுகளுக்கு இதற்கு மேலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் பாதரச அங்குலக் கணக்கு. அதற்குப் பழகியவர் வேறு நாட்டில் 992 என்று கேட்டதும் கை தானாக 29.92 அங்குலம் (அதாவது 1013 ஹெக்டோபாஸ்கல்) வைத்துவிடலாம், விமானம் காட்டுவதைவிட ஏறத்தாழ 600 அடி கீழே இருக்கும். சீனாவில் உயரமே மீட்டரில்தான். 10,400 மீட்டர் என்றால் மனக்கணக்குப் போடாமல் அட்டவணையைப் பார்த்து 34,100 அடி வைக்க வேண்டும். மேலே பறக்கும்போது சரி, நேரம் இருக்கிறது. இறங்கும்போது 900 மீட்டர் என்பார்கள், அது கிட்டத்தட்ட 2,950 அடி, வேகத்தைக் குறைத்து ஃபிளாப் இறக்கி ரேடியோவுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இதைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பில் நாலு ஸ்லைடு போட்டு முடித்துவிடக் கூடாது. சிமுலேட்டரில் வேண்டுமென்றே தப்பான கியூஎன்எச் கொடுத்து, ஏடிஐஎஸ்ஸில் (விமான நிலைய வானிலையைச் சொல்லும் பதிவு ஒலிபரப்பு) கேட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா, சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கோ-பைலட் திரும்பக் கேட்கிறாரா என்று சோதிக்க வேண்டும். விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் டிஜிசிஏ இதை ஒவ்வொரு விமானியின் சிமுலேட்டர் சோதனையிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— விமானப் பயிற்சியாளர், சென்னை