செந்தூல் அடுக்குமாடியில் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம்.

கடந்த சனிக்கிழமை இரவு எங்கள் அடுக்குமாடி ஏழு மணிநேரம் இருளில் கிடந்தபோது துணைநின்ற உங்கள் ஒவ்வொருவரின் வாசலுக்கும் வந்து நன்றி சொல்வதே முறை. ஆனால் அன்று உதவிய பலருடைய முகத்தை நான் பார்க்கவே இல்லை. இருண்ட படிக்கட்டில் கைகளை மட்டுமே அறிந்தேன். ஆகவே இந்தப் பொது மடலை எழுதுகிறேன்.

கல்லூரித் தோழிகள் மூவரும் அவர்கள் குடும்பத்தாரும் பல மாதங்களுக்குப் பின் எங்கள் வீட்டில் கூடியிருந்தனர். இடிமழை ஓய்ந்த சற்று நேரத்தில், ஆறே முக்காலுக்கு, மின்சாரம் நின்றது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு 14 மாடி இறங்கி அவர்கள் வீடு திரும்பியிருக்கலாம். ஒருவரும் கிளம்பவில்லை.

என் கவலையெல்லாம் அம்மாவின் இன்சுலினைப் பற்றியதாக இருந்தது. திறக்காத இன்சுலின் பேனாக்கள் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியவை; அந்த மாதத்திற்கானவற்றை முந்தைய நாள்தான் வாங்கி வந்திருந்தோம். கதவைத் திறக்காமல் விட்டால் குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணிநேரம் குளிர்ச்சியைக் காக்கும் என்று சொல்லி, யாரும் மறந்துபோய்த் திறந்துவிடாதபடி கைப்பிடியில் துண்டைக் கட்டி வைத்தார், தாதியாகப் பணிபுரியும் என் தோழி. அதற்குள் அவர் கணவர் ஜாலான் ஈப்போ வரை நடந்துபோய் ஐஸ் வாங்கி, நீல நிறப் பெட்டியில் அதைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். பேனாக்கள் ஐஸில் நேரே பட்டு உறைந்தால் மருந்து கெட்டுவிடும் என்பதால், தோழி அவற்றை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, நடுவே அட்டை வைத்து அடுக்கினார். கைப்பேசி வெளிச்சத்தில் அந்த விரல்கள் காட்டிய நிதானத்தைக் கண்ட பிறகுதான் அம்மா பாயில் சாய்ந்தார்.

அடுத்து, தண்ணீர். மேல்தொட்டிக்கு நீரேற்றும் பம்பு நின்றுவிட்டதால் ஒன்பது மணிக்குள் குழாய்கள் வறண்டன. தெருக்குழாயின் அழுத்தத்திலேயே நீர் வரும் தரைத்தளக் குழாயை 3ஆம் மாடி மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அதன்பின் மாடிக்கு இருவராகப் படிக்கட்டில் நின்று வாளிகளைக் கைமாற்றி மேலேற்றினீர்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. தனியாக வாழும் 11ஆம் மாடிச் சீனப் பாட்டியின் கதவுக்கு முதல் வாளி போகட்டும் என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இதைப் படிப்பவர் நீங்களானால், பாட்டியின் சார்பிலும் நன்றி.

உறைபெட்டிகளில் இளகத் தொடங்கியதையெல்லாம் வீணாக்காமல் சமைத்துவிடலாம் என்றவர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணன். எங்கள் வீட்டுத் தெங்கிரி மீன், பக்கத்து வீட்டு இறால், யாரோ கொடுத்தனுப்பிய கோழி எல்லாமே எரிவாயு அடுப்பில் குழம்பும் சம்பாலுமாக மாறின. நடைபாதையில் பாய் விரித்து, நீர் நிரம்பிய போத்தல்களுக்கு அடியில் கைப்பேசி விளக்கை ஏற்றி வைத்து, நாற்பது பேர் போல உண்டோம். பத்து ஆண்டுகள் எதிரெதிர் வீட்டில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் அன்றுதான் ஒருவருக்கொருவர் பரிமாறினோம். அதை நினைக்கும்போது எனக்கு வருத்தமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வருகின்றன.

செந்தூல் இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற 9ஆம் மாடி ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இருளுக்கு அஞ்சி அழுத பிள்ளைகளை அருகில் அமர்த்தி, 1996 ஆகஸ்ட் 3 மாலையில் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்ற கதையை அவர் சொன்னார். திரங்கானுவின் பாக்கா மின்நிலையத்தருகே எழுந்த ஒரு கோளாறு எப்படி நாட்டின் மறுகோடி வரை பரவியது என்பதை, வரிசையாக நிறுத்திய தீப்பெட்டிகளைச் சரியவிட்டே அவர் விளக்கினார். என் மகன் மறுநாளும் தீப்பெட்டி கேட்டான்.

மின்சாரம் ஒன்றே முக்காலுக்கு வந்தது. அம்மாவின் மருந்து பழுதின்றி இருக்கிறது.

நீல நிற ஐஸ் பெட்டியையும், யாருடையவை என்று தெரியாத மூன்று வாளிகளையும் கழுவிக் காயவைத்திருக்கிறேன். உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளுங்கள். காலையில் வந்தால் பசியாறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
14ஆம் மாடிக் குடும்பத்தார்