நிழற்படச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் படி அனுப்பப்படும். அவர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாதக் கூட்டங்கள் இரண்டாம் ஞாயிறுகளில் நடைபெற்றன. நவம்பர் கூட்டம் மழையால் நடைபெறவில்லை. ஆகஸ்ட் 19, உலக நிழற்பட நாளில் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினோம். முட்டம் கடற்கரைக்குப் படம் எடுக்கப் போய்வந்தோம். மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி ஆரல்வாய்மொழித் திட்டம்.

ஒலி, காணொளி, நிலக்காட்சிப் படங்கள் மூன்றையும் ஒரே அறையில் சேர்த்து ஒரு கலை நிறுவலை உருவாக்குவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். கை உயர்த்தியவர்கள் பலர். கொச்சியில் 2012இல் தொடங்கிய முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, “நம்மால் முடியாதா?” என்று கேட்டவர்களும் அவர்களே. மலை, காடு, வயல், கடல் என்று நானிலத்தையே பொருளாக வைக்கலாம் என்றார்கள் சிலர். நம் மாவட்டத்து மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொருள் அது. நான் காற்றைச் சொன்னேன். அதில் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகும் இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தல் வரை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நாம் எல்லோரும் அங்கே படம் எடுத்திருக்கிறோம். அந்தப் படங்களில் காற்றைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டரில் எடுத்தால் காற்றாலை பழுதாகி நிற்பதுபோல் தெரிகிறது. ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்தால் இறக்கைகளே மறைந்து, தூண் மட்டும் நிற்கிறது. ஒரே இடத்தில், ஒரே மாலையில் எடுத்த இவ்விரு படங்களிலிருந்துதான் திட்டம் பிறந்தது.

ஒலிப்பதிவு இதைவிடக் கடினமாக இருந்தது. திறந்த வெளியில் மைக்கை நீட்டினால் காற்று அதன் சவ்வில் நேரடியாக மோதி வெறும் உறுமலாகப் பதிவாகும். நுரை உறையோ ரோம உறையோ அந்தக் கணவாய்க் காற்றுக்குப் போதவில்லை. ஆகவே காற்றை விட்டுவிட்டு, காற்று தொடுகிற பொருள்களைப் பதிவுசெய்தோம். பஸ்ஸர்களில் இருக்கும், அதிர்வை மின்னலையாக மாற்றும் பீசோ தகட்டை வாங்கி, ஒயரைப் பற்றவைத்து, வேலிக் கம்பியிலும் பனைமரத்திலும் இரும்பு வாயிற்கதவிலும் ஒட்டினோம். வேலி பாடியது. கம்பியின் பின்புறம் காற்று மாறி மாறிச் சுழிப்பதால் எழும் சுருதி அது. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878இலேயே இதை அளந்து சொல்லியிருக்கிறார்: காற்றின் வேகம் கூடினால் சுருதி ஏறும், கம்பி தடித்தால் இறங்கும். மூன்று மில்லிமீட்டர் கம்பியில் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் ஏறத்தாழ 650 ஹெர்ட்ஸ். நம் பதிவில் காற்று தளரும்போதெல்லாம் அந்தச் சுருதி இறங்குவதைக் காதால் கேட்கலாம்.

கோட்டாற்றில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்தோம். படங்களை மெல்லிய வெள்ளைத் துணியில் அச்சிட்டு உத்தரங்களிலிருந்து தொங்கவிட்டோம். காணொளியின் ஒளி முதல் துணியில் பட்டு, அதை ஊடுருவி, பின்னால் உள்ள துணிகளில் பெரிதாகவும் மங்கலாகவும் விழுந்தது. மின்விசிறி வைக்கவில்லை, பார்வையாளர் கடந்து போகும்போது துணி அசைந்தால் போதும் என்பது என் முடிவு. காணொளி ஏழு நிமிடம், ஒலி பதினொரு நிமிடம். இரண்டும் தனித்தனியே சுழல்வதால் 77 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் ஒன்றாகத் தொடங்கும். அதனால் ஒருவர் பார்த்ததை அடுத்தவர் அப்படியே பார்ப்பதில்லை.

“இது நிழற்படக் கலையா? சட்டம் போட்டு மாட்டினால் ஆகாதா?” என்று கேட்ட உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கும் ஒருவர் வந்திருந்தார். நீண்ட நேரம் கண்ணை மூடி நின்றவர், காற்று எப்போது திசை மாறுகிறது என்பதை ஒலியை வைத்தே சொன்னார். பிறகு படங்களுக்கு முன்னால் போய், எந்தத் துணியில் இருப்பது எந்த இடம் என்று தன் குடும்பத்தாருக்குக் காட்டினார். சட்டமிட்ட படத்தின் முன் எவரும் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

துணி கட்டவும், ஒயர் இழுக்கவும், ஒலிபெருக்கிகளின் இரைச்சலை நீக்கவும் இரவுகளில் இருந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். தொடக்க விழாவன்று குழுப் படத்தில் இடம் போதவில்லை. வர இயலாதவர்களின் வேலைப் பளுவை நான் அறிவேன். ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதும், போனை எடுக்காமல் இருப்பதும் வேறு. சங்கத்தின் பெரிய கேமரா முக்காலி ஓர் உறுப்பினரிடம் சென்ற ஆண்டிலிருந்து இருக்கிறது. காற்று மிகுந்த மாதங்களில் அது இல்லாமல் வாடகை கொடுத்தோம்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நன்கொடையால்தான் ஆண்டு நகர்ந்தது, வாடகையும் துணியச்சும் பெருஞ்செலவு, கையிருப்பு குறைந்திருக்கிறது, அச்சகத்துக்கு ஒரு தொகை பாக்கி. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். பாதிக்கும் மேற்பட்டோர் அதைச் செலுத்தவில்லை. எல்லோரும் செலுத்தியிருந்தால் அந்தப் பாக்கி இருந்திருக்காது.

கிடங்கின் உரிமையாளர், ஒலிபெருக்கிகளைக் கட்டணமின்றித் தந்த பந்தல்காரர், தேநீர் வழங்கிய மகளிர் உறுப்பினர்கள், தலைவர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குத் தேரூர்க் குளத்தை எண்ணியிருக்கிறேன். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளை நாம் நிறையப் படம் எடுத்துவிட்டோம், தண்ணீருக்கு அடியில் என்ன கேட்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அதற்கு நீருக்குள் இறக்கும் மைக் வேண்டும், விலை அதிகம். இதைவிட நல்ல திட்டம் வைத்திருப்பவர் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் சாவியையும் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்கிறேன். அப்படி எவரும் இல்லையென்றால், வலசைப் பறவைகள் வருவதற்குள் ஆள் பட்டியல் தயாராக வேண்டும். வேலைக்கு வருபவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். சந்தா பாக்கியைக் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் செலுத்தலாம், ரசீதுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது.

செயலாளர்
நாகர்கோவில்