உன் தலைவலிக்கு எண் இல்லை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்தே மனசுக்குள் உனக்குப் பதில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தேன், நேற்றோடு முடிந்தது. புதுப் பள்ளியில் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். சின்ன வகுப்பில் எல்லார் முன்னாலும் பாடச் சொன்னால் என் பின்னால் ஒளிந்துகொள்வாயே, அந்தப் பெண்ணா இது என்று அம்மாவும் கேட்டாள்.

ஆனால் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. 'இரண்டாவது பீரியடிலேயே தலைவலி வந்து படுத்துவிட்டேன், தேர்வுக்குப் பயந்து நடிக்கிறேன் என்றார்கள்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மைக்ரேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மாத்திரை கொடுத்திருக்கிறார், வெளிச்சம் பட்டாலே குமட்டுகிறது. இதற்குமேலும் உன்னை நம்ப என்ன வேண்டுமாம்?

'நீ எப்படி இருக்கிறாய், உண்மையைச் சொல்' என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் வந்தபோது நீ ஊர் மாறிப் போயிருந்தாய். அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இந்த முறை முழுதாகவே எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது டைப் 1. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை என் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. இனிப்பு அதிகம் சாப்பிட்டு வந்ததில்லை, சாப்பிடாமல் இருந்திருந்தால் வராமலும் போயிருக்காது. இன்சுலின் இல்லாமல் நான் உயிரோடு இருக்க முடியாது, அதனால் வெளியிலிருந்து போட்டுக்கொள்கிறேன். நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற இன்னொன்று. தட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது, இப்போது சர்க்கரை எவ்வளவு, அடுத்த பீரியடு விளையாட்டா, இல்லை உட்கார்ந்தே இருக்கப் போகிறோமா என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். என் தோழிகள் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் திறப்பார்கள். நான் திறப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டு முடித்திருப்பேன்.

கையில் சென்சார் ஒட்டியிருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை ஒரு எண்ணாகக் காட்டும். 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 70-க்குக் கீழே போனால் லோ, உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. ஊசியும் பழகிவிட்டது. 'தினமும் ஊசியா!' என்று பரிதாபப்படுகிறவர்களிடம் சொல்ல ஆசை: ஊசி எனக்குப் பெரிய கஷ்டமே இல்லை.

கஷ்டம் அந்த எண்ணோடு வருகிற பேச்சுதான். 250 என்று காட்டினால் போதும், யாராக இருந்தாலும் முதல் கேள்வி 'என்ன சாப்பிட்டே?' என்பதுதான். நான் ஒன்றுமே சாப்பிட்டிருக்க மாட்டேன். நம் வயதில் வளர்ச்சி ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். சின்ன வயதில் போதுமாக இருந்த அளவு இப்போது போதாது. விடிகிற நேரத்தில் தானாகவே ஏறும். மாதவிடாய்க்கு முந்தின சில நாட்கள் எனக்கு அளவைக் கூட்டவேண்டியிருக்கும். தேர்வு பயத்தில் அட்ரினலின் சுரந்தாலும் ஏறும். நேற்று செய்த அதே ஊசி, அதே சாப்பாடு, அதே நடை, ஆனால் இன்று வேறு எண். இதை டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார், எனக்கும் புரிகிறது. ஆனாலும் 'என்ன சாப்பிட்டே' என்று கேட்கும்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏ1சி என்று ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி எப்படி இருந்தது என்று அது சொல்லிவிடும். அந்த முடிவை வீட்டில் எல்லாரும் மார்க் மாதிரியே பார்க்கிறார்கள். கூடினால் முகம் வாடுகிறது, குறைந்தால் 'இந்த முறை நல்லாப் பண்ணியிருக்கே!' என்று பாராட்டு. பாராட்டும்கூட எனக்குப் பிடிக்கவில்லையடி. அது என் உடம்பைப் பற்றிய செய்தி, என் நடத்தைக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. போன முறை என் டாக்டர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதில் எது உனக்குக் கஷ்டமா இருக்கு?' என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அத்தனை நாளில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. எனக்குக் காட்டுவதற்கு ஒரு எண் இருக்கிறது. அதனால் என்னை நம்புகிறார்கள், நம்பிவிட்டு அந்த எண்ணை வைத்தே என்னை விசாரிக்கிறார்கள். உன் தலைவலிக்கு எண் இல்லை. ஸ்கேன் எடுத்தாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் வரும், அதனால் உன்னை நம்பவே மாட்டேன் என்கிறார்கள். நான் படித்த வரையில், பருவமடையும் முன் மைக்ரேன் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. அதன் பிறகுதான் பெண்களுக்குக் கூடுகிறது. மாதவிடாயை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதும் வலியைத் தூண்டும். உனக்கு எட்டாம் வகுப்புக்குப் பிறகு கூடியது என்று எழுதியிருந்தாயே, அது நடிப்பில்லை என்பதற்கு உன் உடம்பே காரணம் சொல்கிறது.

ஒன்று மட்டும் கவலையாக இருக்கிறது. வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வதாக எழுதியிருந்தாய். வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் என்கிற அளவுக்குப் போட்டுக்கொண்டிருந்தால், அதுவே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். சில மாத்திரைகளுக்கு அதைவிடக் குறைந்த நாட்களே போதும். மாத்திரை போட்ட நாளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவை. வலி எப்போது தொடங்கியது, முந்தின இரவு எவ்வளவு தூங்கினாய், சாப்பாட்டைத் தவறவிட்டாயா, மாதவிடாய் எப்போது என்பதையும் பக்கத்திலேயே எழுது. அடுத்த முறை டாக்டரிடம் அதைக் கொண்டுபோ. இதை மட்டும் தள்ளிப்போடாதே, தயவுசெய்து.

தேர்வுக் கதையைச் சொல்ல வேண்டும். போன தேர்வில் என் எண்ணைக் காட்டும் கருவியை போன் என்று நினைத்து வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் புதியவர், அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பாதித் தேர்வில் எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்குகிறது, சட்டை நனைகிறது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. லோவில் பயங்கரம் நடுக்கம் இல்லை, யோசிக்க முடியாமல் போவதுதான். மூளைக்கு வேண்டியது குளுக்கோஸ், அதுதான் அப்போது கிடைப்பதில்லை. பையில் குளுக்கோஸ் மாத்திரை இருந்தது. ஆனால் அதை எடுத்து வாயில் போட, ஒரு சத்தமும் இல்லாத அறையில் எழுந்து நின்று என் நோயை எல்லாருக்கும் விளக்கவேண்டியிருந்தது. எண் சரியாகி வந்த பிறகும் மூளை திரும்பிவரக் கொஞ்ச நேரம் ஆனது. மீதி நேரத்தில் எழுதியது எதுவும் என் எழுத்தாகவே இல்லை.

இந்த முறை அப்பாவும் நானும் முன்னாலேயே தலைமை ஆசிரியையைப் பார்த்தோம். டாக்டரின் கடிதம் ஒன்றைக் கொடுத்தோம். கருவி மேற்பார்வையாளர் மேசையில் இருக்கும், குளுக்கோஸ் என் மேசையில் இருக்கும், இறங்கினால் போன நேரத்தைத் திருப்பித் தருவார்கள், கழிப்பறைக்குப் போகக் காரணம் சொல்ல வேண்டாம். எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டோம். இந்த முறை ஒருமுறைகூட இறங்கவில்லை. ஆனால் இறங்கினால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்ற நிம்மதியிலேயே நன்றாக எழுதினேன். நீயும் இப்படி ஒன்று கேள். வலி வந்தால் இருட்டான அறையில் படுக்க அனுமதி, மாத்திரையை வலி தொடங்கியதுமே போட்டுக்கொள்ள அனுமதி, விட்டுப்போன தேர்வை எழுத இன்னொரு நாள். டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போ. வலியோடு இருக்கும்போது வாதாட முடியாது, அதனால் நன்றாக இருக்கிற ஒரு நாளிலேயே போய்ப் பேசிவிடு.

சொல்வதா மறைப்பதா என்று நீ கேட்டிருந்தாய். நானும் இதைப் பற்றி ரொம்ப யோசித்தேன். எலிசபெத் ஹியூஸ் என்று ஒரு பெண். அமெரிக்க வெளியுறவுத் துறைச் செயலாளரின் மகள். 1919-ல், பதினோரு வயதில் அவளுக்கு இந்த நோய் வந்தது. அப்போது இன்சுலின் கிடையாது. பட்டினிக்குப் பக்கத்தில் வைத்து நாட்களை நீட்டுவதுதான் ஒரே வழி. 1922 ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பாண்டிங்கிடம் வந்து சேர்ந்தபோது அவள் எடை சுமார் 20 கிலோ. அந்த ஆண்டு ஜனவரியில்தான் லியோனார்ட் தாம்ஸன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டிருந்தார்கள். ஜனவரி 11-ல் போட்டது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அதைச் சுத்திகரித்த பிறகு 23-ஆம் தேதி போட்டது வேலை செய்தது. அவன் என்னைவிட இளையவன். எலிசபெத் 1981 வரை வாழ்ந்தார், திருமணம் செய்து பிள்ளைகளும் பெற்றார். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தன் நோயை நெருங்கிய சிலரைத் தவிர எல்லாரிடமும் மறைத்தார்.

முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது. இப்போது புரிகிறது. எங்கே போனாலும் 'அதிசயமாகப் பிழைத்த பெண்' என்றே பார்க்கப்படுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். என்னையும் 'தைரியசாலி' என்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம். வேறு வழி இல்லாததால் செய்கிறேன், சில நாள் வெறுத்துக்கொண்டேதான் செய்கிறேன். தைரியசாலி என்று சொல்லிவிட்டால் அந்த வெறுப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் போகிறது.

இருந்தாலும் நான் சொல்லிவிட முடிவு செய்தேன். உயிரியல் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் வந்தபோது, ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு நானே பேசினேன். ஒட்டிக்கொள்ளுமா என்று ஒருவன் கேட்டான், ஒட்டாது. எப்போது குணமாகும் என்று ஒருத்தி கேட்டாள், இப்போதைக்கு இன்சுலின்தான் வழி என்றேன். கடைசி வரிசையில் ஒரு பையன், ஒருநாளும் என்னோடு பேசியதே இல்லை, எழுந்து, 'நீ மயங்கி விழுந்தா நாங்க என்ன செய்யணும்?' என்று கேட்டான். அன்று வந்த கேள்விகளில் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். மயங்கியிருக்கும்போது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், என் பையின் முன் அறையில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற மருந்து இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

வீட்டைப் பற்றி ஒன்று. இரவில் அலாரம் அடித்தால் எனக்கு முன்னால் அம்மா எழுந்து வந்துவிடுகிறாள். சாயங்காலம் ஓடி விளையாடிய நாட்களில் நடு இரவில் இறங்குவது சகஜம், அதனால் அன்றெல்லாம் அவள் சரியாகத் தூங்குவதே இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இனி சனி, ஞாயிறு இரவுகளில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். கதவைத் திறந்துவைத்துப் படுத்துக்கொள்கிறாள், ஆனால் வருவதில்லை. அவளுக்கு அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

விடுமுறையில் நீ இங்கே வருவதாக உன் அம்மா சொன்னார்களாம். வந்ததும் குளுக்ககான் எப்படிக் கொடுப்பது என்று உனக்குக் கற்றுத் தருகிறேன், மூக்கில் அடிக்கிற வகைதான், பயப்படாதே. நீ எனக்கு உன் பங்கைச் சொல்ல வேண்டும். நீ என் அறையில் இருக்கும்போது வலி வந்தால் நான் என்ன செய்யட்டும்? விளக்கை அணைக்கவா, நெற்றியில் ஈரத்துணி வைக்கவா, தொடாமல் இருக்கவா, பக்கத்தில் இருக்கவா, வெளியே போய்விடவா? மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி