ரேயானும் பாலியஸ்டரும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பருத்தி அல்லாத துணியையெல்லாம் 'பிளாஸ்டிக் துணி' என்று ஒரே கணக்கில் சேர்த்து எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. ரேயான் இழை தயாரிக்கும் விஸ்கோஸ் ஆலையின் நூற்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது வருத்தமளிக்கிறது.

விஸ்கோஸ் ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு என்ற வேதிப்பொருளுடன் வினைபுரிய வைத்து, மீண்டும் சோடாவில் கரைத்தால் தேன் போன்ற கரைசல் கிடைக்கும். ஸ்பின்னரெட் என்னும் துளைத்தட்டின் நுண்துளைகள் வழியாக அதைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்துவோம். அமிலம் பட்டதும் இழையாக உறைந்து நீளும். துளையில் ஒரு துகள் சிக்கினாலும் இழை அறுந்துவிடும். அதற்காகவே கரைசலைத் திரும்பத் திரும்ப வடிகட்டுவோம்.

பாலியஸ்டர் பெட்ரோலிய வழி வந்தது. சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும் சில்லுகளை உருக்கிப் பிழிந்து, காற்றில் ஆற்றி, இழுத்து நீட்டுவார்கள்.

உடலுக்குத் தெரியும் வித்தியாசம் ஈரத்தில்தான். சாதாரணக் காற்றில் பாலியஸ்டர் தன் எடையில் சுமார் 0.4 சதவீத ஈரமே ஏற்கும். பருத்தி சுமார் 8, விஸ்கோஸ் 11 முதல் 13 வரை ஏற்கும். ஆனால் நனைந்தால் விஸ்கோஸின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது. பாலியஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. மண்ணில் மட்கவும் செய்யாது.

விஸ்கோஸ் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. கார்பன் டைசல்பைடு தொழிலாளர் நரம்புகளைப் பாதிக்கும். அதைத் தவிர்த்து, மரக்கூழை வேறொரு கரைப்பானில் நேரடியாகக் கரைத்து இழையெடுக்கும் லையோசெல் முறை வந்துவிட்டது. அதில் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள். எழுதும்போது இழையின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளி