பெற்றோர் குழுவுக்குத் திறப்பு விழா வேண்டாம், மூன்று பேர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளை வளர்ப்பில் படும் சிரமத்தைப் பெற்றோர் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் பெற்றோர் ஆதரவுக் குழுவைத் தொடங்க நினைப்பவர்கள் பலர் பேனர், சிறப்பு விருந்தினர், புகைப்படம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேமரா வந்த இடத்தில் மனம்விட்டுப் பேச வந்தவர் வாயே திறக்க மாட்டார். இரண்டாவது கூட்டத்தில் பாதி நாற்காலி காலி, நான்காவது கூட்டமே நடப்பதில்லை. ஆர்வம் குறைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் குறை ஏற்பாட்டில்தான்.

முதல் தேவை மூன்று பேர். ஒருவர் கூட்டத்தை நடத்த வேண்டும், ஒருவர் இடம், சாவி, அறிவிப்பைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் புதிதாக வருபவரை வாசலிலேயே வரவேற்று உட்கார வைக்க வேண்டும். நடத்துபவர்களும் பெற்றோர்தான், அவர்கள் குழந்தைக்கும் காய்ச்சல் வரும். எல்லாம் ஒருவர் தலையில் இருந்தால் அன்று கூட்டம் ரத்து. இரண்டு முறை ரத்தானால் மூன்றாவது முறை யாரும் கிளம்ப மாட்டார்கள். அதனால்தான் கூட்டம் நடக்கும் நாளையும் 'மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை 4 மணி' என்பதுபோல் ஒரே தடவையாக முடிவு செய்துவிட வேண்டும். எப்போது வைக்கலாம் என்று மாதாமாதம் கருத்துக் கேட்டால் அந்தக் கேள்வியே மாதத்தைத் தின்றுவிடும். இரண்டு பேர் மட்டும் வந்தாலும் கூட்டத்தை நடத்துங்கள்.

குழு யாருக்கு என்பதையும் ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். கைக்குழந்தை இரவில் தூங்கவில்லை என்பவரையும், பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்பவரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் இருவருமே வந்தது வீண் என்று போவார்கள்.

எண்ணிக்கைக்குக் கணக்கு உண்டு. கூட்டம் 90 நிமிடம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பத்துப் பத்து நிமிடம் போனால் மீதி 70. ஏழு பேர் என்றால் ஆளுக்குப் பத்து நிமிடம், பதினான்கு பேர் என்றால் ஐந்துதான். அதிலும் அதிகம் பேசுபவர் மற்றவர் பங்கையும் எடுத்துக்கொள்வார். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுவது நல்லது.

விதிகளை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. எதையும் விற்கக் கூடாது. ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்: ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தாலோ, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினாலோ மூடிவைக்க முடியாது. குழந்தைகள் உதவி எண்ணும் மனநல உதவி எண்ணும் அச்சடித்துக் கையில் இருக்கட்டும். அப்படிப் பேசியவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

குழுவை அதிகம் கெடுப்பது கேட்காத அறிவுரை. "பையன் ரெண்டு நாளா என்கூடப் பேசவே இல்லை" என்று ஒரு தாய் சொல்லி முடிப்பதற்குள், "நீங்க செல்லம் குடுத்துட்டீங்க" என்று ஒரு குரல் எழும். அடுத்த மாதம் அந்தத் தாய் வர மாட்டார். நடத்துபவர் அங்கேயே குறுக்கிட வேண்டும்: "ஒரு நிமிஷம். உங்களுக்கு யோசனை வேணுமா, நாங்க கேட்டாப் போதுமா?" இந்த ஒரு கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தவரே கூட்டத்தை நடத்தத் தகுதியானவர்; படிப்பும் பட்டமும் அதற்கு அப்புறம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவரையும் மாற்றிவிடுங்கள்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லையென்றால், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், அதாவது குழு மிகவும் தேவைப்படுபவர்களே, வர முடியாது. பெற்றோர் பேசுவது பிள்ளை காதில் விழாத தனி அறை வேண்டும். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பெயர், ஒவ்வாமை, யார் வந்து அழைத்துப் போவார் என்பதற்குப் பதிவேடு வேண்டும். இரண்டு பேர் கிடைக்காவிட்டால் அந்த வசதி இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி வைத்து, நாளும் இடமும் அறிவித்தால் போதும். திறந்துவிட்டால் அதிசய சிகிச்சை ஃபார்வர்டுகளும், பிள்ளைகளின் பரிசோதனை அறிக்கைகளும் வந்து குவியும். சேர்த்த உடனே எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அனுமதி கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். மருத்துவரையோ ஆலோசகரையோ அழைப்பதானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடம். அதற்கு மேல் போனால் குழு வகுப்பாகிவிடும்.

கூட்டத்துக்கே வரத் தயங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு அதே நிலையைக் கடந்த ஒரு பெற்றோரைத் தனியாகப் பேச வைக்கலாம். 1971-இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 'பைலட் பேரன்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய முறை இதுதான்.

தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் இத்தகைய குழுக்களின் அறிவிப்பையும் வெளியிட வேண்டுகிறோம். நாள், இடத்தோடு, குழு யாருக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்ற இரண்டு விவரத்தையும் சேர்த்துப் போட்டால், போகலாமா வேண்டாமா என்பதைப் பெற்றோர் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் குழு ஒருங்கிணைப்பாளர்கள்